மடுல்சீமைக் கம்பியில் ஒரு மோடம்

லினக்ஸ் கணினியில் டயல்-அப் மோடத்தை ஓட வைத்தவர்களுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். மறுமுனை எடுத்ததும் வருவது 2100 ஹேர்ட்ஸ் ஒலி. வழியிலுள்ள எதிரொலி அடக்கிகளை அது ஒதுங்க வைக்கிறது. அடுத்த இரைச்சலில் இரு மோடங்களும் கம்பியை அளந்து, எந்த வேகம் தாங்கும் என்று பேசி முடிக்கின்றன. 1998இல் வந்த வி.90 முறை காகிதத்தில் 56 கிலோபிட் தரும். பதுளை மாவட்டத்து மடுல்சீமை போன்ற மலைத் தோட்டத்துக்கு நீண்டு ஏறும் செம்புக் கம்பியில் அதை எதிர்பார்க்கக் கூடாது. மழையில் நனைந்த ஒரு மூட்டுப் போதும், வேகம் இறங்கிவிடும்.

மலிவான உள் மோடங்கள் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டிருந்தன. லினக்ஸில் பலவும் வெறும் அட்டைதான். சீரியல் துறையில் செருகும் வெளி மோடமே நம்பகமானது.

அதன்பின் வேலை அழகானது. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தந்த கட்டளைகளே போதும்: ஏடிஇசட் மோடத்தைப் புதிதாகத் தொடங்கும், ஏடிடிடி எண்ணை அழைக்கும். பழைய பரிமாற்றகம் என்றால் ஏடிடிடியின் கடைசி ‘டி’ ‘பி’ ஆகும்; துடிப்பு முறையில் அழைக்கும். டயல் ஒலி புரியாமல் மோடம் முரண்டு பிடித்தால் எக்ஸ்3 கட்டளை. டபிள்யூவிடயல் என்ற அழைப்பு நிரலின் கோப்பில் எண், பயனர் பெயர், கடவுச்சொல். மீதியை பிபிபிடி என்ற இணைப்பு நிரல் பார்த்துக்கொள்ளும். எல்லாமே வாசித்துத் திருத்தக்கூடிய எழுத்து. இத்தனை நேர்மையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பதுளைப் பக்கம் யார் வீட்டிலாவது பழைய வெளி மோடம் கிடந்தால் எறியாதீர்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதை இயக்கிக் காட்டுங்கள்.