பயிற்சிக்களச் சிற்றாலயத்தில் எலியா

ஒரு பாடல் எழுதப்பட்ட சூழலும் அது பாடப்படும் சூழலும் எப்போதும் ஒன்றாய் இருப்பதில்லை. எழுதியவர் துயரத்தோடு தந்ததை மக்கள் ஆரவாரத்தோடு பாடுவதுண்டு. இம்மாற்றம் சில வேளைகளில் பாடலுக்குப் புதுவாழ்வு தருகிறது. சில வேளைகளில் அதன் உயிரையே உறிஞ்சிவிடுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் இடம் ஒன்று உண்டு. அதுவே, அமெரிக்கப் படைகளின் அடிப்படைப் பயிற்சி முகாம்களில் ஞாயிறுதோறும் நடைபெறும் சிற்றாலய வழிபாடு. அங்கே வேரூன்றியுள்ள பாடல் மரபை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். செய்தி தொலைநாட்டினதே. ஆயினும் வழிபாட்டில் எழும் குரல் யாருடையது என்னும் வினா நம் எல்லாருக்கும் உரியது.

குரலும் கட்டளையும்

அமெரிக்கத் தரைப்படையில் சேரும் ஒருவருக்கு அடிப்படைப் பயிற்சி 10 வாரங்கள் நடைபெறுகிறது. தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரிலுள்ள ஃபோர்ட் ஜாக்சன் இத்தகைய முகாம்களுள் மிகப் பெரியது. பதினெட்டு, பத்தொன்பது வயது நிரம்பிய பிள்ளைகள் பலர் அங்கே முதன்முறையாகப் பெற்றோரைப் பிரிந்து வாழ்கின்றனர். சொந்த உடை போய்ச் சீருடை வருகிறது. ஆண்களுக்குத் தலைமுடி ஒட்டக் கத்தரிக்கப்படுகிறது. கைப்பேசி பெரும்பாலான நாள்களில் கைக்கு எட்டாது. எழுவதும் உண்பதும் உறங்குவதும் பயிற்றுநரின் கட்டளைப்படியே. குரலும் இதற்கு விலக்கன்று. எப்போது உரக்க விடையளிக்க வேண்டும், எப்போது வாய்மூடி நிற்க வேண்டும் என்பதையும் மற்றவரே தீர்மானிக்கின்றனர்.

இந்நிலையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சிற்றாலயத்தின் கதவு திறக்கிறது. உள்ளே செல்வது அவரவர் விருப்பம். படை அலுவலர்களை உருவாக்கும் கல்லூரிகளில் மாணவர்களைக் கட்டாயமாக வழிபாட்டுக்கு அனுப்பி வந்த பழைய வழக்கத்தை, 1972-ஆம் ஆண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து முடித்து வைத்தது. இன்று வருபவன் தானே விரும்பி வருகிறான். அவனை எதிர்கொள்ளும் ஆன்மகுருவும் சீருடை அணிந்தவரே. ஆனால் அவர் கையில் படைக்கலம் இல்லை. வாரம் முழுவதும் ஏவலுக்குக் குரல் கொடுத்தவன், இங்கே தன் குரலைத் தானே எடுத்துப் பாடலாம். அங்குள்ள பாடலின் பேரொலியைக் கேட்டு முகம் சுளிப்போர் முதலில் இதனை உணர்தல் வேண்டும். கட்டளைக்கு எழும் ஒலியும் கண்ணீருக்கு எழும் ஒலியும் செவிக்கு ஒன்றுபோல் கேட்கலாம். இறைவனுக்கு அவை ஒன்றல்ல.

நடைப்பாட்டின் வேர்

இப்பாடல் மரபின் வடிவத்தைப் புரிந்துகொள்ளப் பயிற்சிக்களத்து நடைப்பாட்டை அறிதல் நலம். ஒருவர் ஓரடி பாட, மற்றவர் அதனைத் திருப்பிப் பாடிக் காலடி எடுத்து வைப்பது அதன் முறை. 1944-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்லோக்கம் முகாமில் வில்லி டக்வொர்த் என்னும் கறுப்பினப் படைவீரர், களைத்துத் தளர்ந்து நடந்த தம் தோழர்களுக்கு ஊக்கமூட்டப் பாடிய பாட்டிலிருந்தே இவ்வழக்கம் படையெங்கும் பரவியது. அதன் வேர் இன்னும் ஆழமானது. அடிமைத்தளையில் வயல்களில் உழைத்த ஆப்பிரிக்க வழியினரின் உழைப்புப் பாடல்களும், அவர்தம் ஆலயங்களில் எழுந்த இறைப்புகழும் இவ்வாறே ஒருவர் தொடங்கப் பலர் ஏற்றுப் பாடும் முறையில் அமைந்தவை. நம் ஏற்றப்பாட்டையும் ஓடப்பாட்டையும் அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. உழைக்கும் உடலின் மூச்சோடு பிறந்த இசை அது.

ஆகவே, சிற்றாலயப் பாடலில் நடைப்பாட்டின் தாளம் நுழைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதனைப் பழிப்பது முறையன்று. அத்தாளமே ஒருகாலத்தில் ஆலயத்தையும் வயலையும் இணைத்ததுதான். வினா வேறு. உழைப்பவனின் மூச்சுக்கு ஆறுதலாய்ப் பிறந்த தாளம், பலருடைய காலடியை ஒருவனுடைய ஏவலுக்கு ஒத்தியைக்கும் கருவியாய் ஆனபின், மீண்டும் ஆலயத்துக்குள் எந்த உருவில் வருகிறது? ஆறுதலாகவா, ஏவலாகவா?

ஒரு பாடல், இரு களங்கள்

இப்பயிற்சி முகாம்களின் வழிபாடுகளில், சிறப்பாகச் சீர்திருத்தச் சபையினரின் வழிபாடுகளில், பெரிதும் புகழ்பெற்ற பாடல் 'டேஸ் ஆஃப் எலைஜா', அதாவது 'எலியாவின் நாள்கள்'. இதனை இயற்றியவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ராபின் மார்க். எலியா, மோசே, எசேக்கியேல், தாவீது ஆகியோரை நினைவூட்டி, ஆண்டவரின் வருகையை அறிவித்து, அவருக்கு நிகர் எவருமில்லை என்னும் முழக்கத்தில் பாடல் உச்சம் அடைகிறது. பயிற்சி வீரர்கள் இதனை நின்றவாறும், கைதட்டியும், தரையதிரக் காலடி வைத்தும், அடிகளுக்கிடையே தம் படையின் முழக்கச் சொற்களைச் சேர்த்தும் பாடுகின்றனர். இறுதி முழக்கத்தைப் பன்முறை, ஒவ்வொரு முறையும் உரத்து, மீண்டும் மீண்டும் எழுப்புகின்றனர்.

இப்பாடல் எப்போது பிறந்தது? 1994-ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வாண்டின் நிகழ்வுகளைத் தொகுத்துக் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கண்டபின் இதற்கான எண்ணம் எழுந்தது என இயற்றியவரே கூறியுள்ளார். அவ்வாண்டில்தான் ருவாண்டாவில் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான ஏறத்தாழ 100 நாள்களில் பல இலட்சம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவ்வாண்டில்தான் வட அயர்லாந்தில் ஆகஸ்டு 31-இலும் அக்டோபர் 13-இலும் எதிரெதிர்த் தரப்பினர் போர்நிறுத்தம் அறிவித்தனர். படுகொலையின் துயரமும் அமைதியின் முதல் துளிரும் கலந்த ஓராண்டின் முடிவில், இறைவன் இன்னும் வரலாற்றை ஆள்கிறாரா என்னும் வினாவுக்கு நம்பிக்கையின் விடையாக எழுந்த பாடல் இது.

ருவாண்டா கத்தோலிக்கர் மிகுந்த நாடு என்பதை நாம் மறத்தலாகாது. நியாமாட்டாவிலும் ந்தராமாவிலும் அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் ஓடிய மக்கள் அவ்வாலயத்துக்குள்ளேயே வெட்டி வீழ்த்தப்பட்டனர். அவ்வாலயங்கள் இன்று நினைவிடங்கள். அங்கே எலும்புகள் காக்கப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையும் அதன் உறுப்பினரும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கொன்றவருள்ளும் கொல்லப்பட்டவருள்ளும் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் ஒரே பாடலைப் பாடியவர் இருந்தனர். உரக்கப் பாடும் மக்கள் கொலையினின்று தாமாகவே காக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இப்பின்னணியில் எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளை நோக்குக. இறைவாக்கினரின் 37-ஆம் அதிகாரத்தில் அவ்வெலும்புகள் உயிர்பெற்று மாபெரும் படையாக எழுந்து நிற்கின்றன. படை என்னும் அச்சொல்லைக் கேட்டுப் பயிற்சி வீரன் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் அப்பகுதியில் ஆவியானவர் உயிரளிப்பது யாருக்கு? கொலையுண்டவர்களுக்கு. அது கொல்லப் புறப்பட்ட படையன்று. கொல்லப்பட்டு எழுந்த படை. தாவீதின் செய்தியும் அத்தகையதே. ஆலயம் கட்ட விரும்பிய அவரை, மிகுந்த குருதி சிந்தியவர் என்பதற்காகவே இறைவன் தடுத்தார் என்று முதல் குறிப்பேட்டு நூல் 22-ஆம் அதிகாரத்தில் கூறுகிறது. படைவீரனான அரசன் கைவைக்க இயலாத கல் ஒன்று இறைவனின் இல்லத்தில் உண்டு. பாடலில் தாவீதின் பெயரும் ஆலயமும் வருகின்றன. இந்தத் தடை வரவில்லை. பாடல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் படைமுகாமில் பாடப்படும்போது, எதைச் சொல்லாமல் விட்டதோ அதுவே அங்கே மிகத் தேவையான செய்தியாகிறது.

பாடலின் உச்சமுழக்கத்தில் வரும் இறைப்பெயர் பற்றியும் கத்தோலிக்கர் ஒன்றை அறிதல் தகும். இறைவனின் நான்கெழுத்துப் பெயரைத் திருவழிபாட்டிலும் பாடல்களிலும் ஒலிக்கலாகாது எனத் திருவழிபாட்டுப் பேராயம் 2008-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஆயர் பேரவைகளுக்கு எழுதியது. அப்பெயரை உச்சரியாமல் 'ஆண்டவர்' என்று சொல்லிவந்த யூத மக்களின் அச்சமும் வணக்கமும் கலந்த மரபையே திருச்சபை தொடர்கிறது. திருப்பெயரை முழக்கமாக்குவதில் ஓர் இடர் உண்டு. முழக்கத்தில் பெயர் நம் கையிலுள்ள கொடியாகிவிடுகிறது; வணக்கத்திலோ நாம் அப்பெயரின் கையில் இருக்கிறோம்.

கடல்நடுவே எழும் மன்றாட்டு

இதனோடு ஒப்பிட மற்றொரு பாடல் உண்டு. அமெரிக்கக் கடற்படை தன் பாடலாகவே ஏற்றுக்கொண்ட 'இட்டர்னல் ஃபாதர், ஸ்ட்ராங் டு சேவ்' என்பதே அது. 1860-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஆசிரியராயிருந்த வில்லியம் வைட்டிங் இதனை எழுதினார். 1861-இல் ஜான் டைக்ஸ் இசையமைத்தார். தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் ஒவ்வொரு பத்தியும், மூவொரு இறைவனுக்கு ஒரு பத்தியுமாக இது அமைந்துள்ளது. முதல் மூன்று பத்திகளும் கடலில் இடருற்றோர்க்காக மன்றாடி முடிகின்றன. இதில் பகைவன் இல்லை, வெற்றி இல்லை, படையின் பெருமையும் இல்லை. இடரில் இருப்பவன் யாராயினும் அவனுக்காக என்பதே அதன் வேண்டல். நம் கப்பலோ பகைவன் கப்பலோ என்று அது வினவுவதில்லை.

இசையமைத்தவர் இம்மெட்டுக்கு 'மெலிட்டா' எனப் பெயரிட்டார். அது பவுலடியார் சென்ற கப்பல் உடைந்து கரையொதுங்கிய மால்தா தீவின் பழம்பெயர். திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில், அக்கப்பலில் 276 பேர் இருந்தனர் என்றும், கைதிகள் தப்பிவிடுவர் என அஞ்சிய படைவீரர் அவர்களைக் கொன்றுவிட எண்ணினர் என்றும், நூற்றுவர் தலைவரான யூலியு அதனைத் தடுத்தார் என்றும் படிக்கிறோம். படைக்கலம் தாங்கிய ஒருவன் கொலையைத் தடுத்த அவ்விடத்தின் பெயரே இம்மெட்டின் பெயராயிற்று. பாடுவோர் பலர் இதனை அறியாமலிருக்கலாம். ஆயினும் பாடல் அதனைத் தன்னுள் காத்து வைத்திருக்கிறது. திறனாய்வு நோக்கில், இதனைச் சிறந்த பாடலென நான் கருதுவது அது அமைதியாக ஒலிப்பதால் அன்று. படைவீரனைப் படைவீரனாக மட்டுமன்றி, இறக்கக்கூடிய மனிதனாகவும் பாட வைப்பதால்.

கருவறையில் கேட்கும் ஒலி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்நாட்டுக்காகப் படையில் பணிபுரிவோரை இகழவில்லை. அவர்கள் தம் பணியை நேரிய முறையில் ஆற்றும்போது மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியர் என்றே 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 79-ஆம் எண் கூறுகிறது. அதே எண், குருட்டுக் கீழ்ப்படிதல் கொடுஞ்செயலுக்குச் சாக்காகாது என்றும், அத்தகைய கட்டளையை அஞ்சாது எதிர்ப்போர் மிகுந்த பாராட்டுக்குரியோர் என்றும் கற்பிக்கிறது. 16-ஆம் எண்ணோ, மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் கருவறை என மனச்சான்றைக் காண்கிறது. இம்மூன்று கருத்துகளையும் இணைத்துப் பார்த்தால், முகாமின் சிற்றாலயத்துக்குரிய கடமை தெளிவாகும். கட்டளைக்குப் பழக்கப்படும் இளைஞனின் உள்ளத்தில், ஒருநாள் ஒரு கட்டளையை மறுக்கவேண்டிய கருவறையைப் பழுதின்றிக் காக்கவேண்டிய இடம் அது. அங்கேயும் பாடல் வெறும் ஒத்த காலடியாகிவிட்டால் அவனுக்கு வேறு இடம் ஏது?

எலியாவின் நாள்களைப் பாடுவோர் எலியாவின் வரலாற்றை இன்னும் ஓர் அதிகாரம் படித்தல் வேண்டும். கார்மேல் மலையில் வென்றவர் அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தருகிறார். பின்னர் ஓரேபு மலையில் சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர், மெல்லிய ஒலியில் அவரைச் சந்திக்கிறார். பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் உறக்கமின்றி, வீட்டு நினைவில் தனியே விம்மும் இளைஞனுக்குக் கார்மேலின் எலியாவைவிட இந்த எலியாவே நெருங்கிய தோழர். அவருக்கும் ஒரு பாடல் வேண்டும். புலம்பல் திருப்பாடல்கள் அங்கே பாடப்படல் வேண்டும். பாடலுக்குப் பின் சிறிது மௌனமும் வேண்டும். முழக்கத்தை நீக்குக என்பதன்று என் கருத்து. முழக்கமே முழு வழிபாடாகிவிடலாகாது என்பதே.

ஒலிபெருக்கியின் வலிமையைப் பக்தியின் அளவாகக் கொள்ளும் பழக்கம் நம் பங்குகளிலும் பெருகி வருகிறது. ஆகவே பிறரை எடைபோட்ட அளவுகோலை நம்மிடமும் வைத்துப் பார்ப்போம். நம் பாடல் துயருற்றவனுக்கு இடமளிக்கிறதா? பாடி முடித்தபின் மெல்லிய ஒலியைக் கேட்க நம் செவி எஞ்சியிருக்கிறதா?

ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் அனைவரும் சொல்லும் மன்றாட்டு, ஒரு படைவீரனின் வாயில் பிறந்தது. கப்பர்நாகும் நூற்றுவர் தலைவன், போவென்றால் போகிற, வாவென்றால் வருகிற ஏவலின் உலகில் வாழ்ந்தவன். அவ்வுலகின் மொழியிலேயே அவன் தன் தகுதியின்மையை அறிக்கையிட்டான். ஆனால் வேண்டியது தன் பணியாளனின் நலத்தை. அவனிடமிருந்து திருச்சபை பெற்றுக்கொண்டது போர்முழக்கத்தை அன்று. தாழ்ந்த குரலில், நோயுற்ற பிறனுக்காகச் செய்த வேண்டலையே அது ஈராயிரம் ஆண்டுகளாய்க் காத்து வருகிறது.