வெண்டியின் செலவுக் கணக்கு

கெல்லி ரைக்கார்ட் இயக்கி 2008இல் வெளிவந்த ‘வெண்டி அண்ட் லூசி’ எண்பது நிமிடப் படம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலிருந்து பழைய ஹோண்டா காரில் ஓர் இளம்பெண் அலாஸ்காவுக்குப் புறப்படுகிறாள். அங்கே மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறாள். வழியில், ஒரேகான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கார் நின்றுவிடுகிறது. மறுபடி கிளம்பவில்லை. கூடவே வந்த நாய் லூசி காணாமல் போகிறது. கதை இவ்வளவுதான். பெரிய சம்பவம் எதுவுமில்லாத இந்தப் படம், முடிந்த பிறகும் ஏன் நம்மை விட மறுக்கிறது?

வெண்டியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கையிருப்பு 500 டாலருக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு செலவையும் அதில் எழுதிக் கழித்துக்கொண்டே வருகிறாள். அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்ததும் நமக்கு அவளைத் தெரிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் அஞ்சறைப் பெட்டியைத் துழாவிய கைகளுக்கு, ஒரு ரூபாய் குறைந்தால் எது நின்றுபோகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தின் உணர்ச்சி முழுவதும் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. நாய்க்கு உணவு வாங்கும் காசை மிச்சப்படுத்த நினைத்துக் கடையில் திருடுகிறாள். பிடிபடுகிறாள். காவல் நிலையம், கைரேகை, அபராதம் என்று மணிக்கணக்கில் போகிறது. திரும்பி வந்தால், கடை வாசலில் கட்டிவைத்த நாயைக் காணோம். ஓர் எண் மற்றோர் எண்ணைத் தின்பதுபோல ஒரு சிறு இழப்பு அடுத்த இழப்பைக் கொண்டுவருகிறது.

படம் நமக்குச் சொல்லாமல் விடுவதும் முக்கியமானது. வெண்டி ஏன் வீட்டைவிட்டு வந்தாள்? அடித்த கணவன் உண்டா? ஏமாற்றிய காதலன் உண்டா? ஒரு வார்த்தை கிடையாது. தனியாகப் பயணம் போகும் பெண் என்றால் கதை உடனே ஒரு காரணம் கேட்கும். அந்தக் காரணம் போதுமான அளவு துயரமாக இருந்தால்தான் அவளுக்கு நம் இரக்கம் கிடைக்கும். ரைக்கார்ட் அந்தப் பேரத்துக்கே வரவில்லை. அவளுக்கு வேலை வேண்டும், போகிறாள். ஓர் ஆண் புறப்பட்டால் நாம் இதற்குமேல் கேட்க மாட்டோம்.

அப்படியானால் வெண்டியின் இடத்தில் ஓர் ஆண் இருந்தாலும் இதே கதைதானே என்று ஒருவர் கேட்கலாம். காட்டில் அவள் தூங்கும் இரவைப் பார்த்தால் இல்லை என்பது புரியும். இருட்டில் ஒருவன் வந்து அருகே நின்று தனக்குத்தானே முணுமுணுக்கிறான். அவளைத் தொடுவதில்லை, போய்விடுகிறான். காமிரா பெரும்பாலும் அவள் முகத்திலேயே நிற்கிறது. போர்வைக்குள் அசையாமல் கிடக்கும் மிஷெல் வில்லியம்ஸின் கண்களில் மட்டும்தான் எல்லாம் நடக்கிறது. பிறகு அவள் ஓடிப்போய்ப் பெட்ரோல் பங்க்கின் கழிவறைக்குள் நுழைந்து மூச்சுத் திணற அழுகிறாள். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று பிறர் சொல்லக்கூடிய ஓர் இரவு ஒரு பெண்ணுடலுக்குள் என்னவெல்லாம் செய்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

2005இல் கத்ரீனா புயல் தாக்கியபோது, வீடிழந்த ஏழைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் ரைக்கார்டும் எழுத்தாளர் ஜான் ரேமண்டும் இந்தக் கதைக்கு வந்தார்கள். நாய்க்குச் சோறு போட வக்கில்லாதவர் நாய் வளர்க்கக் கூடாது என்று வெண்டியைப் பிடித்துக்கொடுக்கும் கடைப் பையன் சொல்வதும் அதே பேச்சுதான். தொலைபேசியில் அவளுடைய அக்கா, இவள் எதையும் கேட்பதற்கு முன்பே, தங்களால் எதுவும் முடியாது என்கிறாள். அவளைக் கொடியவளாகப் படம் காட்டவில்லை. அவள் வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டு இருக்கக்கூடும்.

கடைப் பையனைப் படம் கொஞ்சம் தட்டையாகவே வரைந்திருக்கிறது என்பது என் குறை. நாள் முழுக்கக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் வயதான காவலாளியிடம் அந்தக் குறை இல்லை. முதலில் காரை எடு என்று விரட்டுபவரும் அவரே. நாய்க் காப்பகத்திலிருந்து தகவல் வரத் தன் செல்போனைக் கொடுப்பவரும் அவரே. முகவரி இல்லாமல் முகவரி கிடைக்காது, வேலை இல்லாமல் வேலை கிடைக்காது என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் அவர் மறைவாக அவள் கையில் பணம் திணிக்கிறார். காமிரா அந்த நோட்டுகளைக் காட்டுகிறது. பத்து டாலர்கூட வராது. வேறு படமாக இருந்தால் அந்தத் தொகையைப் பார்த்துச் சிரித்திருப்போம். இங்கே அவளுடைய கணக்கு நமக்கு அத்துபடி. அதனால் அந்தச் சில டாலர்களின் எடை தெரிகிறது. அவருடைய வருமானமும் தெரிகிறது.

ரைக்கார்டுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. 1994இல் முதல் முழுநீளப் படத்தை எடுத்தவருக்கு அடுத்ததை எடுக்க 2006வரை ஆனது. இந்தப் படத்தில் பின்னணி இசை என்று எதுவுமில்லை. வெண்டி முணுமுணுக்கும் ஒரு மெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. லூசியாக நடித்தது இயக்குநர் வளர்த்த நாய். இருப்பதைக் கொண்டு சமாளிப்பது அவருக்கு அழகியலாவதற்கு முன் நிர்ப்பந்தமாக இருந்தது.

கார் தேறாது என்று மெக்கானிக் கைவிரிக்கிறார். லூசி வேறொரு வீட்டில், வேலிக்கு அப்பால், புல்வெளியில் நிற்கிறது. வெண்டி வேலிக்கு வெளியிலிருந்தே குச்சியை எறிந்து அதனோடு விளையாடுகிறாள். வீட்டைப் பார்க்கிறாள். தன்னிடம் மிச்சமிருப்பதையும் பார்க்கிறாள். பணம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று நாயிடம் சொல்லிவிட்டு நடக்கிறாள். அன்பு குறைந்ததால் அல்ல, அன்பையும் கணக்கில் கழிக்க வேண்டிவந்ததால் விட்டுவிட்டுப் போகிறாள். அதை அவளுடைய தியாகம் என்று நாம் கொண்டாடிவிடாதபடி ரைக்கார்ட் பார்த்துக்கொள்கிறார். சரக்கு ரயில் பெட்டியின் திறந்த கதவுக்கு வெளியே மரங்கள் ஓடுகின்றன. வெண்டி அந்தப் பழைய மெட்டை முணுமுணுக்கிறாள். இப்போது அதைக் கேட்க லூசி இல்லை.