ஒதெல்லோ நாடகத்தில் 'ஆனெஸ்ட்' என்னும் சொல்

ஒரு சொல் பல பொருள் பயத்தல் எம்மொழிக்கும் இயல்பேயாம். அப்பொருள்களை அகராதி எண்ணிட்டு நிரல்படக் காட்டும். ஆயின், அவற்றுள் இரண்டு மூன்று ஒரே கூற்றில் உடன்நின்று ஒன்றையொன்று மறைக்கும் நிலையினை அகராதியாற் காட்டல் இயலாது. அது நூலின்கண் காணத்தக்கது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் வரும் 'ஆனெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அதற்குத் தக்க சான்றாகும்.

1604 நவம்பர் முதல் நாள் ஆங்கில அரசவையில் நடிக்கப்பெற்று, 1622-இல் முதன்முதல் அச்சேறிய இந்நாடகத்தில், இச்சொல்லும் இதன் பண்புப்பெயரும் 52 இடங்களில் வருவன என்று வில்லியம் எம்ப்சன் 1951-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். இலத்தீனில் பெருமையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புக்க இச்சொல், தொடக்கத்தில் 'மதிக்கத்தக்க' என்னும் பொருளே தந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அப்பொருள் தேய்ந்து, பொய்யாமை, நட்பிற் பிறழாமை என்பனவும், மகளிர்மேல் வருங்கால் கற்புடைமையும் மேலோங்கின. இவற்றோடு, மேலோர் தமக்குக் கீழ்ப்பட்டாரை நோக்கி 'நல்ல பிள்ளை' என்று தட்டிக்கொடுக்கும் தொனியில் வழங்கும் வழக்கும் இருந்தது. பாசாங்கின்றித் தன் இன்பவேட்கையை ஒளியாதவன் என்னும் பொருளொன்றையும் எம்ப்சன் விரித்துரைப்பர். அது முழுவளர்ச்சி பெற்றது பிற்காலத்தேயாதலின், இந்நாடகத்திற்கு அஃது அத்துணை இன்றியமையாததன்று என்பது எம் கருத்து.

தட்டிக்கொடுக்கும் வழக்கே இயாகோவின்மேல் முதலிற் சுமத்தப்படுகின்றது. அவன் விரும்பிய பதவியைப் பெற்றவன் காசியோ; கொடிதாங்கும் பதவியோடு நின்றுவிட்டவன் இயாகோ. அக்காசியோவே அவனை 'ஆனெஸ்ட் இயாகோ' என்று விளிக்கின்றான். ஒதெல்லோவும் அவ்வாறே விளிக்கின்றான். புகழ்ச்சி போல் ஒலிக்கும் இவ்விளி, அவன் நிற்கும் படியினை ஒவ்வொரு முறையும் அவனுக்கு நினைவூட்டுகின்றது.

நாடகத்தின் உயிர்நிலையாகிய மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை இனி நோக்குவோம். ஒதெல்லோ டெஸ்டிமோனாவைக் காதலித்த காலத்துக் காசியோ இருவர்க்குமிடையே தூது சென்றவன் என்பதை இயாகோ வினவி அறிகின்றான். அறிந்து வியப்பவன் போல் நிற்கின்றான். அவன் 'ஆனெஸ்ட்' அல்லனோ என்று ஒதெல்லோ கேட்கின்றான். இயாகோ விடையிறுத்திலன், அச்சொல்லையே வினாவாகத் திருப்பிவிடுகின்றான். ஒதெல்லோ அதனை மீட்டும் இருமுறை சொல்கின்றான். ஒதெல்லோ கருதியது நட்பிற் பிறழாமையா, ஒழுக்கமா என்பது அக்கூற்றால் விளங்கவில்லை. இயாகோ எதனை ஐயுறுகின்றான் என்பதும் விளங்கவில்லை.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இரண்டாகப் பகுத்தமை ஈண்டு நினைக்கத்தகும். முன்னையது வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்பெறும். மா பூத்தது எனின் மரமென்று அறிவோம். மா வீழ்ந்தது எனின் மரமோ விலங்கோ என ஐயம் நிகழும். ஆண்டுச் சொல்லுவோன் தான் குறித்ததனைக் கிளந்து கூறல் வேண்டும். இயாகோவின் சூழ்ச்சி முழுதும் இக்கடமையை வேண்டுமென்றே கைவிடுதலில் உள்ளது. கிளந்து கூறின் அது குற்றச்சாட்டாகிவிடும். குற்றச்சாட்டாயின் சான்று காட்டல் வேண்டும். கிளவாது விட்டமையால் ஐயத்தின் சுமை கேட்போன் தலையில் ஏறுகின்றது. அக்காட்சியிலேயே, டெஸ்டிமோனா 'ஆனெஸ்ட்' என்றே தான் கருதுவதாக ஒதெல்லோ கூறுகின்றான். நண்பன்மேல் எழுந்த ஐயம், இடையே ஒரு பாலமும் வேண்டாது, சொல்லின் வழியாகவே மனைவியின்மேற் சென்று சேர்ந்துவிட்டது!

ஐந்தாம் அங்கத்திற் பொதுமகள் பியாங்கா, தன்னைப் பழிக்கும் எமிலியாவை நோக்கி, உன்னைப்போல் யானும் 'ஆனெஸ்ட்' என்கின்றாள். ஆண்டுச் சார்பு பொருளைத் தெளிவிக்கின்றது, பெரிதும் ஆராயவேண்டுவதில்லை.

இந்நாடகத்தைத் தமிழிற் பெயர்ப்போன் யாது செய்வான்? இயாகோவுக்கு 'நேர்மை', காசியோவுக்கு 'வாய்மை', டெஸ்டிமோனாவுக்குக் 'கற்பு' என இடம் நோக்கிப் பிரித்தெழுதுதல் எளிது. ஒவ்வோரிடத்தும் பொருள் பிழையாது. ஆயினும் நாடகம் பிழைத்துவிடும். கற்பு என்று எழுதிய அளவிலேயே இயாகோ மறைத்தது வெளிப்பட்டுவிடும். ஆதலின் ஒரே சொல்லை நாடகமுழுதும் ஆளுதல் வேண்டும். 'மாசற்ற' என்பது ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொருந்தும். ஆயின் எளியவனைத் தட்டிக்கொடுக்கும் தொனி அதற்கில்லை. யாம் பரிந்துரைப்பது 'யோக்கியன்' என்பதே. இது வடசொல்லாயிற்றே எனச் செந்தமிழ்ப் பற்றுடையார் முகஞ்சுளிப்பர். யோக்கியமான ஆள் என்பது பொய்யாதவனையும், யோக்கியமான பெண் என்பது ஒழுக்கமுடையாளையும் உணர்த்துவது நாட்டுவழக்கு. வேலையாளை முதலாளி 'யோக்கியன்' என்னும்போது அதில் உள்ள மேட்டிமையையும், எள்ளலுக்கும் அச்சொல்லே பயன்படுதலையும் யாவரும் அறிவர். இத்துணையும் ஒருங்கே தாங்கும் தனித்தமிழ்ச் சொல் கிடைப்பின், யாம் இதனைக் கைவிட ஒருப்படுவோம்.

இதற்கு இன்னுமொரு வலியுண்டு. இறுதிக் காட்சியில் வாளை இழந்து நிற்கும் ஒதெல்லோ, 'ஆனெஸ்ட்டி' போனபின் 'ஆனர்' ஏன் எஞ்சல் வேண்டும் என்னும் கருத்துப்படப் பேசுகின்றான். ஒரு வேரிற் கிளைத்த இரு சொற்களை அவன் எதிரெதிர் நிறுத்துகின்றான். தமிழில் யோக்கியமும் யோக்கியதையும் அவ்வாறே ஒரு வேரின. யோக்கியதை என்பது தகுதியையும் மதிப்பையும் உணர்த்துமேயன்றி, போர்மறவனின் புகழை முழுதும் உணர்த்தாது. அக்குறை நிற்கவே செய்யும். எனினும், நேர்மை, புகழ் எனத் தொடர்பிலாச் சொற்களை இட்டு அவ்வேரினை அறுத்தலினும், இக்குறையோடு எழுதுதலே தக்கது.