யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்

‘சென்னையில் யாருக்கும் தெரியாத பத்து மெஸ்கள்’ என்று ஒரு வீடியோ. லட்சக்கணக்கான பேர் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன, யாருக்கும் தெரியாத மெஸ்? விஷயம் தெரியாத ஒரே ஆள், அந்த மெஸ்ஸில் இருபது வருஷமாகச் சாப்பிடுகிறவர்தான். நாளைக்குத் தனக்கு உட்கார இடம் கிடைக்காது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

டூரிஸ்ட்டுகள் போகாத இடங்களை டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்லித் தருகிற இந்த வகையறா எழுத்தை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். முதலில் கையேடாக வந்தது. அப்புறம் பத்திரிகை இணைப்பில் வந்தது. இப்போது ரீல்ஸாக வருகிறது. எங்கே இருக்கிறது, என்ன விலை, எது ஸ்பெஷல், கார் நிறுத்த இடம் உண்டா என்று சகலமும் இருக்கும். இந்தக் கடை யாருக்காக இங்கே வந்தது என்கிற கேள்வி மட்டும் இருக்காது.

நான் பி.காம் படித்தவன். ஒரு கடை நாற்பது வருஷம் ஒரே தெருவில் தாக்குப்பிடிக்கிறது என்றால், அந்தத் தெருவில் யாருக்கோ அது தேவையாக இருக்கிறது என்றுதான் எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அந்த யாரோ யார் என்று கேட்டுப் பாருங்கள், ஊரே திறந்துகொள்ளும்.

திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏன் இத்தனை மெஸ்? மேன்ஷன்கள் இருப்பதால். மேன்ஷன்கள் ஏன்? மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று வெளியூரிலிருந்து வேலைக்கும் வேலை தேடியும் வந்த தனிக்கட்டைகளுக்குத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டியிருந்ததால். அறையில் சமைக்க முடியாது. தினம் ஓட்டல் என்றால் சம்பளம் போதாது. வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட வருகிற மாதிரி, அளவான விலையில் ஒரு சாப்பாடு தேவைப்பட்டது. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற கூட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. பட்டியலில் ‘வாழை இலைச் சாப்பாடு, நாலு ஸ்டார்’ என்று முடித்துவிடுவார்கள்.

பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் கிடைக்கிற அத்தோவும் அப்படித்தான். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். ‘சென்னையின் விநோத உணவு’ என்று எழுதுகிறார்கள். அதில் விநோதம் ஒன்றுமில்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி, கிட்டத்தட்ட வெறுங்கையோடு இங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் மறக்காமல் கொண்டுவந்த சாப்பாடு அது. இதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ருசி கூடுமா என்று கேட்காதீர்கள். கூடாது. ஆனால், பிசைந்து தருகிறவரை நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

ஊரைப் பற்றி இந்த மாதிரி எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. எஸ்.முத்தையா 1981-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ ஒரு நகரக் கையேடுதான். பின்னால் ‘மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்’ என்று பெருத்தது. ஒரு கட்டடத்தைக் காட்டினால் அதை யார், எதற்காகக் கட்டினார்கள் என்று சொல்லாமல் அவர் நகரமாட்டார். தமிழில் அசோகமித்திரன் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ எழுதினார். பேட்டை பேட்டையாக, குடியிருப்பவனின் கண்ணில் பட்ட ஊர் அது. இரண்டிலும் ‘கட்டாயம் பார்க்க வேண்டியவை’ என்று மிரட்டல் கிடையாது.

சரி, நகரத்தை முடித்துவிட்ட பட்டியல்காரர்கள் அடுத்து எங்கே போவார்கள்? ‘சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வர’ என்று ஆரம்பிப்பார்கள். அந்த வரிசையில் மாட்டிக்கொண்ட ஊர் உத்திரமேரூர். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மாமல்லபுரத்தின் நெரிசல் இல்லை. காஞ்சிபுரம் போல, கோயில் வாசலிலிருந்தே பட்டுக்கடைக்கு இழுத்துப்போகிற ஆட்களும் இல்லை. ‘குடவோலைக் கல்வெட்டு இருக்கும் ஊர்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். அதோடு சரி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். அந்த ஒரு வரிக்கு மவுசு இன்னும் ஏறியது. கார் வருகிறது, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரோடு நாலு போட்டோ எடுக்கிறார்கள், கார் போய்விடுகிறது. ஊருக்கு ஒரு டீ காசுகூடத் தேறாது.

அந்தச் சுவரைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கலாம் சார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு சாசனங்கள். என்னைக் கேட்டால் உத்திரமேரூருக்கு இதுவரை வந்ததிலேயே நல்ல கையேடு இதுதான். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருந்தால்? அந்தச் சந்தேகம் 1,100 வருஷத்துக்கு முன்பே வந்திருக்கிறது!

என் படிப்புக்கு ஏற்ற இடம் அடுத்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை. அப்பா, பிள்ளை, மாமனார், மாப்பிள்ளை, அக்கா புருஷன் வரைக்கும் ஒரு நீண்ட பட்டியல். அத்தனை பேருக்கும் தடை. நம் ஊரில் பணம் எந்த வழியாகப் போகும் என்று எழுதினவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதே சுவரில் இன்னொன்றும் இருக்கிறது. போட்டோ எடுப்பவர்கள் படிப்பதில்லை. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவனுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று ஒற்றை வரியில் பெருமைப்படுகிறவர்கள், ‘பெஸ்ட் மெஸ்’ என்று எழுதுகிறவர்களின் அண்ணன் தம்பிகள். யாருக்காக என்கிற அதே கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை.

கேட்டால் ஊர் விரியும். ஏரிக்கென்று தனி வாரியம் எதற்கு? மழையை நம்பி, ஏரியால் பிழைத்த ஊர் இது. பல்லவர் காலத்திலேயே வயிரமேகத் தடாகம் என்று பெயர் சொல்லப்பட்ட ஏரி. தூர் வாருவதற்கென்றே பொன் கொடுத்த செய்திகளும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு. கோயிலிலிருந்து நேராகப் போய் அந்தக் கரைமேல் நின்று பாருங்கள். சுவரில் இருப்பது எதைப் பற்றிய பேச்சு என்று அங்கேதான் புரியும். அப்புறம் சுந்தரவரதப் பெருமாள் கோயில். பெருமாள் கீழ்த்தளத்தில் நிற்கிறார், நடுவில் உட்கார்ந்திருக்கிறார், மேலே படுத்திருக்கிறார். மூன்றையும் பார்க்கப் படியேற வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

சாப்பாடு? அதற்கும் பட்டியல் தரமாட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்கள். தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்தவர், உரம் வாங்க வந்தவர், முதல் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் எல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே உட்காருங்கள். வெளியூர்க்காரர் ஒருத்தர்கூட வராவிட்டாலும் இந்தக் கடை நாளைக்குத் திறக்குமா என்று ஒரு பார்வை பாருங்கள். திறக்கும் என்று தோன்றினால் அதுதான் நீங்கள் தேடுகிற இடம். டோக்கியோவானாலும் திருவல்லிக்கேணியானாலும் சோதனை இதேதான்.

அங்கே உங்களுக்கும் சில கடமைகள் உண்டு. மதியம் ஒரு மணிக்கு, பின்னால் நாலு பேர் இடத்துக்கு நிற்கும்போது, தோசையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுக்காதீர்கள். அவருக்கு அரை மணி நேரம்தான் இடைவேளை. சாப்பிட்டுக் காசு கொடுத்து, இலையை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு, எழுந்து இடம் கொடுங்கள். முடிந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். ஊரைப் பற்றி எந்தப் பட்டியலிலும் இல்லாத தகவல்கள், பக்கத்து சீட்டில் ஓசியிலேயே கிடைக்கும்.