மீசையும் பிறையும்

ரோஜர் டோரி பீட்டர்ஸன் 1934-ல் வெளியிட்ட அமெரிக்கப் பறவை வழிகாட்டியை இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அதில் ஒரு விமரிசன முறை இருக்கிறது. படத்தில் முக்கியமான அடையாளத்துக்கு நேரே ஒரு சிறு கோடு. அதைப் பிடித்துக்கொண்டால், தூரத்திலிருந்தே பறவையின் பெயரைச் சொல்லிவிடலாம்.

நல்ல முறைதான். ஆனால் பிளிக்கர் என்ற மரங்கொத்தியிடம் அது தடுமாறுகிறது. கிழக்கத்திய வகைக்குச் சிறகின் அடிப்புறம் மஞ்சள். பிடரியில் சிவப்புப் பிறை. ஆணுக்குக் கறுப்பு மீசை. மேற்கத்திய வகைக்குச் சிறகடி சிவப்பு, பிறை கிடையாது, ஆணின் மீசையும் சிவப்பு. நடுச் சமவெளியில் இரண்டும் கலக்கின்றன. அங்கே மஞ்சள் சிறகும் சிவப்பு மீசையுமாக ஒன்று வந்து உட்காரும். 1843-ல் மிசௌரி நதிப் பயணத்தில் இந்தக் கலப்பைக் கண்ட ஆடுபன், தனி இனம் என்றே பெயர் வைத்துவிட்டார்.

சரி, சிறகில் சிவப்பைக் கண்டால் கலப்பு என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புதரின் பழத்தைத் தின்றால், கலப்பில்லாத கிழக்கத்தியப் பறவைக்கும் சில இறகுகள் சிவக்கும் என்று 2016-ல் தெரியவந்தது. மீசை, பிடரி, முகம், உச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பார்த்த பிறகும், 'கலப்பாக இருக்கலாம்' என்று குறித்துக்கொள்வதே நேர்மை.

கோட்டுக்கு 'இதுதான்' என்று சொல்லத் தெரியும். 'இருக்கலாம்' என்று சொல்லத் தெரியாது. மீசையை வைத்தே வில்லனைக் காட்டிவிடும் கதைகளை நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பாத்திரங்களுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.