கிரௌல் ஐயரும் கைவல்லிய நவநீதமும்

செர்மானிய நாட்டுக் கார்ல் கிரௌல் என்பார் 1814-ஆம் ஆண்டிற் பிறந்து, இலைப்சிக் நகரிற் கிறித்தவ சமயநூல் பயின்று, இத்தாலியில் வீட்டாசிரியராயும் பின்னர்த் தெசௌ நகரிற் பள்ளியாசிரியராயும் இருந்தவர். 1844-இல் உலூத்தரன் மிசன் சங்கத்துத் தலைமை பெற்று, 1849 முதல் 1853 வரை நிகழ்த்திய யாத்திரையில் தமிழ்நாடு புகுந்து தமிழ் பயின்றார். திருக்குறளை 1856-இல் செர்மானிய மொழியில் வெளியிட்டார். அவர் 1864-இல் இறந்தபின் இலத்தீன் பெயர்ப்புடன் குறட்பதிப்பு 1865-இல் வெளிவந்தது. இத்தொண்டினைத் தமிழர் மறத்தல் தகாது.

இனி, யாம் ஆராயப் புகுந்தது வேறொன்று. அவர் ‘தமிழ் நூற்றொகை’ எனப் பொருள்படும் பெயரால் வெளியிட்ட நான்கு தொகுதிகளுள் முன்னிரண்டும் வேதாந்தத்திற்கே உரியன. நன்னிலம் தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்லிய நவநீதத்தை 1854-இல் செர்மானிய மொழியிலும், மறுவருடம் தமிழ்மூலத்தோடு ஆங்கிலத்திலும் தந்தார். கைவல்லியம் தெள்ளிய தமிழாற் செய்யப்பட்ட நூலே. அதனை யாம் இகழேம். உயிரும் பிரமமும் முடிவில் ஒன்றே என்னும் அதன் கொள்கை தமிழர்க்கு உரிய மெய்யுணர்வு எனப் பிறநாட்டார் கொள்ளுமாறு அது முன்வைக்கப்பட்டதே எமக்கு உடன்பாடன்று.

பதியும் பசுவும் பாசமும் அநாதி என்றும், உயிர் முத்தியினும் கெடாது இறைவன் திருவருளில் அடங்கி நிற்கும் என்றும் கூறும் சித்தாந்தம், இறைவனையும் அவனருளையும் பேசும் சமயத்தவராகிய கிரௌலுக்கு அன்றோ அணித்தாயிருந்தது? தரங்கம்பாடியில் அவர் சங்கத்தார் இருந்தனர். தருமபுரமும் திருவாவடுதுறையும் அங்கிருந்து நெடுந்தொலைவல்ல. சைவநிலையில் நின்று பௌத்தரை மறுக்கும் பகுதியொன்றை 1854-இல் அவரே மொழிபெயர்த்துளர். பரபக்கத்தைத் தொட்டவர் சுபக்கத்தைத் தொடாது விட்டமை வியப்பே.

காரணம் ஒருவாறு ஊகிக்கலாம். யாம் இளமையில் இராசிபுரத்திற் கண்டதும் இதுவே: கைவல்லியம் படிப்போர் பலர், போதம் பாடங் கேட்போர் மிகச் சிலர். கைவல்லியம் ஆசிரியன் மாணாக்கன் உரையாட்டாக ஐயம் எழுப்பி விடை தருவது. பள்ளியாசிரியராயிருந்த ஒருவர்க்கு அம்முறை உவப்பளித்திருக்கும். போதமோ பன்னிரண்டு சூத்திரத்துட் சுருங்கி, குருமுகத்தானன்றி விளங்காதது. தீக்கை பெறாதார்க்குச் சாத்திரம் சொல்லாமை நம் மடங்களின் மரபு. அம்மரபும் இவ்விடுபாட்டிற் பங்குடையதென்று நடுநிலையாளர் கூறின் மறுத்தற்கில்லை.

ஆயினும் அது முற்றும் அமையாது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஓய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் அதே 1854-இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். அப்பெயர்ப்பிற் பிழைகள் உள. எனினும், நாடியவர்க்கு நூல் கிட்டிற்று என்பது அதனாற் பெறப்படும்.

செர்மானியர் சித்தாந்தத்தைத் தம் மொழியில் விரிவாகக் கண்டது, இலைப்சிக் மிசனைச் சார்ந்த சோமெருசு என்பார் 1912-இல் எழுதிய சைவசித்தாந்த நூலாலேயாம். கிரௌலின் கைவல்லியத்திற்கும் அதற்கும் இடையே கழிந்தன 58 ஆண்டுகள். சோமெருசே 1923-இல் திருவாசகத்தையும் பெயர்த்தளித்தார்.