முத்துப்பாரும் வகையீடும்: பொருளியற் கணிதக் கற்கை பற்றிய ஒரு நோக்கு

கணித முறைகளைத் தவிர்த்துப் பொருளியலைப் பல்கலைக்கழக மட்டத்திற் கற்பது இன்று இயலாத காரியம். அல்பா சியாங் 1967இல் வெளியிட்ட நூல் முதலாக இத்துறைப் பாடநூல்கள் சார்பு, தாயம், வகையீடு, உச்சப்படுத்தல் என ஓர் ஒழுங்கிற் செல்கின்றன. அவ்வொழுங்கிற் குறைகாண்பதற்கில்லை. ஆயின் கலைப்பிரிவு மாணவன் பெரும்பாலும் விடையைக் கண்டதும் அமைதியுறுகின்றான். அவ்விடை எவ்வெடுகோளின்மீது நிற்கிறதென வினவுவதில்லை. இதன் விளைவை மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு வரலாறு தெளிவாகக் காட்டும்.

எவருக்கும் உரிமையற்ற வளத்தில் இலாபம் முற்றாக அற்றுப்போகும்வரை முயற்சி பெருகும் என 1954இல் ஸ்கொட் கோடன் நிறுவினார். ஒரு படகின் வருவாய் அதன் செலவுக்குச் சமனாகும் இடமே சமநிலை. இனி, மன்னாரில் நிலவிய பங்கீட்டை நோக்குக. எடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டு அரசுக்கும், ஒன்று குளிப்போர்க்கும் படகினர்க்கும் உரியன. வருவாய் மூன்றிலொன்றாகக் குறையவே, செலவை ஈடுசெய்யப் பாரிற் சிப்பி மும்மடங்கு செறிந்திருத்தல் வேண்டும். அச்செறிவு கடலின் தாங்குதிறனை மீறாதவரை, அரசின் பங்கு வளத்தைக் காக்கும் வரியாகவும் அமைகின்றது. இரண்டு வரிச் சமன்பாடு இவ்வளவையும் உணர்த்துதல் கணிதத்தின் ஆற்றலன்றோ!

எனினும் இம்முடிவு, சிப்பித்தொகை தன் அளவையே பொறுத்துச் சீராக வளரும் என்னும் எடுகோளிற் பிறந்தது. மன்னார்ப் பார்களோ அதற்கு அடங்குவனவல்ல. நீரோட்டம் மணலால் மூடுவதாலும் மீன்கள் உண்பதாலும் இளஞ்சிப்பிகள் குளிப்போர் தீண்டாமலே அழிவதுண்டு. 1892 முதல் 1902 வரை குளிப்பே நிகழவில்லை. 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபா அளவில் வருவாய் கிடைத்தது.

1906இல் இப்பார்கள் ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக்குக் குத்தகையாயின. 5 வீத வட்டியில் அக்குத்தகையின் இன்றைப் பெறுமதி ஏறத்தாழ 38.6 இலட்சம். 1905இன் வருவாயை நோக்குவோர்க்கு இது மலிவாகவே தோன்றும். ஆனால் 1907க்குப் பின் 1925வரை குளிப்பு நிகழவில்லை. தவணை நிறைவெய்துமுன்னரே முயற்சி முறிந்தது. இங்கே சூத்திரம் பிழைக்கவில்லை. சூத்திரத்தினுள் இடப்பட்ட வருவாய்தான் பிழைத்தது. வளமான ஆண்டுகளின் சராசரி, வறிய ஆண்டுகள் தொடர்ந்து வரும் என்பதை மறைத்துவிடும். குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் தவறாது கட்டவேண்டியது.

ஆகவே, வகையீட்டைக் குறைத்துக் கற்பித்தல் இதற்குப் பரிகாரமாகாது. நிகழ்தகவையும் எடுகோட் சோதனையையும் அதனோடு ஒருசேரக் கற்பித்தலே வேண்டற்பாலது. வினாத்தாள்கள் விடையை மட்டும் கேளாது, எந்நிலையில் அவ்விடை பொய்க்கும் என்பதையும் கேட்டல் வேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஒருகாலத்திற் கூடிக் கலைந்த குளிப்புப் பாளையங்கள் நம் மாணவர்க்கு அந்நியப் பாடநூலின் கற்பனைத் தொழிற்சாலையினும் சிறந்த உதாரணமாகும். தன் கடலை அளக்க உதவாத கணிதம், எத்துணை நுட்பமாயினும், பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடும்.